மம்முட்டி தப்பிப் போன ராத்திரி

ரெண்டு மாசமா ஒண்ணும் எழுதவில்லை. மஞ்சள் வெட்டு வேலைன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். நெசம் அது இல்லைங்க.

எங்களுடையது பங்குக் கிணறு. எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒரு நாள் மொறை. மாசி மாசம் ஒரு ராத்திரி, மும்முனைக் கரண்டு பன்னெண்டு மணிக்கு மேலதான் வந்தது. போய்ப் பார்த்தால் தம்பி மகன் மடையை அவங்க வயலுக்குத் திருப்பி விட்டு நிற்கிறான். "பெரியப்பா, அரை மணி நேரந்தான்"னான். கையில இருந்த மம்முட்டியை வீசிட்டேன். அவன் காதோரமா போய் வரப்புல குத்தி நின்னது. 19 வயசுப் பையன். ஒரு வார்த்தை பேசாம நடந்து போயிட்டான்.

கோவம் எனக்குப் புதுசில்லை. மாட்டை அடிச்சிருக்கேன், சோத்துத் தட்டை வீசியிருக்கேன். அதுல ஒரு பெருமைகூட இருந்தது. அன்னைக்குத்தான் தூக்கம் வரவில்லை.

"ஏனுங்க, 14416-க்குப் பேசிப் பாருங்க"ன்னு வீட்டுக்காரிதான் சொன்னாள். எனக்கென்ன பைத்தியமான்னு அவகிட்டயும் கத்தினேன். மூணு நாள் கழிச்சு தென்னை மரத்தடியில நின்னு நானே போட்டேன். ஒரு பொண்ணு பொறுமையா கேட்டுட்டு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுச்சு.

சீட்டு வாங்கிட்டு துண்டை மொகத்துல போட்டு உக்காந்திருந்தேன். எதிர் பெஞ்சுல எனக்கு உரம் கொடுக்கிற கடைக்காரர்! ரெண்டு பேரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டோம்.

டாக்டரம்மா முதல்ல கேட்டது தூக்கத்தைப் பற்றி. அப்புறம் குடி, கடன். பிரஷரும் தைராய்டும் பார்க்கச் சொன்னாங்க. ஆலோசனை சொல்ற தம்பிதான், கோவம் வர்றதுக்கு முந்தி ஒடம்புல என்ன ஆகுதுன்னு கேட்டார். இத்தனை வருசத்துல நான் யோசிச்சதே இல்லை. காது சூடாகும், பல்லைக் கடிப்பேன். "அப்பவே கையில இருக்கிறதைக் கீழ வெச்சுட்டு நகர்ந்துருங்க, ஆறினப்புறம் வந்து பேசுங்க"ன்னார். இதுக்கா பஸ் ஏறி வந்தோம்னு இருந்தது. செஞ்சு பார்த்தால்தான் அதோட கஷ்டம் தெரியுது. நாலு தடவை போயிட்டு வந்தாச்சு. நடுவுல ஒரு நாள் மாட்டை அடிச்சுட்டேன், அதையும் மறைக்காம சொன்னேன்.

தம்பி மகன் இன்னும் எங்க வாசல் ஏறவில்லை. போன வாரம் அவன் மொறையில மடை ஒடைஞ்சு, தண்ணி என் வெங்காயத்துக்குள்ள வந்தது. காது சூடாச்சு. மம்முட்டியை வரப்புல வெச்சுட்டுக் கிணத்து மேடு வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தப்போ அவன் அதே மம்முட்டியை எடுத்து மடையைக் கட்டிக்கிட்டு இருந்தான். பேசவில்லை. மண்ணைத் தட்டி, இருந்த இடத்துலயே வெச்சுட்டுப் போனான்.