கைமாறினால் பிழைக்கும் விதை

திருகோணமலைப் பக்கத்து வயதான விவசாயி ஒருவரிடம் இளையவர்கள் எதையாவது கேட்டால் அது நெல்லைப் பற்றித்தான் இருக்கும். கந்தளாய்க் குளத்தையும் தம்பலகாமத்து வயலையும் வைத்திருக்கிற மாவட்டத்தில் வேறென்ன கேட்பார்கள்? எனக்குச் சொல்ல இருப்பது பயறு, உழுந்து, கௌப்பி பற்றி. விதையை வைத்திருப்பதையும் கொடுப்பதையும் இந்தப் பயறு வகைகளிடம்தான் நான் படித்தேன்.

முந்தி மேட்டுக்காணியில் விதைத்த பயறு ஒரேயடியாக முற்றாது. இன்று ஒரு பிடி காய், நாலு நாள் கழித்து இன்னொரு பிடி. பெண்கள் திரும்பத் திரும்ப வெயிலில் குனிந்து பறித்தார்கள். இடையில் மழை விழுந்தால் முற்றிய மணி காய்க்குள்ளேயே முளைத்துவிடும். வெள்ளை ஈ ஏறினால் இலை மஞ்சள் தேமலாகி, காய் பிடிக்காது. ஆராய்ச்சியாளர்கள் மல்லுக்கட்டியது இந்தக் கரைச்சல்களோடுதான். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையமும், இங்கே மகா இலுப்பள்ளம, அங்குணகொலபெலஸ்ஸ நிலையங்களும் ஆண்டுக்கணக்காக உழைத்ததில், ஏறத்தாழ 60, 65 நாளில் பெரும்பாலான காய்கள் சேர்ந்து முற்றுகிற இரகங்கள் வந்தன. பெரும்போக நெல்லை அறுத்தபின், சிறுபோகத்துக்கு முன் கிடைக்கும் இடைவெளியில் அதே வயலில் ஒரு பயறு எடுக்கலாம். வேர் முடிச்சில் வாழும் பக்டீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதால் யூரியாவும் அதிகம் வேண்டாம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு நெற்காரர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு நல்ல விதைக்கு ஏன் கடைகளில் விளம்பரம் இல்லை? பயற்றின் பூ பெரும்பாலும் விரியுமுன்பே தன் மகரந்தத்தால் தானே கருக்கொள்ளும். அதனால் விளைந்த மணி தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும். கலப்பினச் சோளம் போடுகிறவர் ஒவ்வொரு போகமும் புது விதை வாங்க வேண்டும். பயறு போடுகிறவர் ஒருமுறை வாங்கினால் பல போகம் வைத்துக்கொள்வார். திரும்பி வராத வாடிக்கைக்காரருக்காக எந்த வியாபாரி முதல் போடுவார்? தமிழகத்தின் புதுக்கோட்டை வம்பனிலும், ஹைதராபாத் அருகே இக்ரிசாட்டிலும், நைஜீரியாவின் இபாடானிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்களில் பயறு வகைகளுக்குப் புது இரகம் உருவாக்கும் வேலை பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நிலையம் தருவது கொஞ்ச விதை. அதைப் பெருக்கி ஊருக்குள் பரப்புவது நம் வேலை.

அந்த வேலையை விட்டால் என்னவாகும் என்பதை 2006 ஆம் ஆண்டுப் போர் காட்டியது. மூதூர், சம்பூர்ப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியபோது, சாம்பல் கலந்து பானையில் வைத்த விதைப்பயறும் அங்கேயே அழிந்துபோனது. வேறு ஊரில் உள்ள உறவுக்கோ நண்பருக்கோ முன்பு விதை கொடுத்திருந்தவர்கள் திரும்பிவந்து அதையே கேட்டு வாங்கினார்கள். பூட்டி வைத்த விதை அழிந்தது, கொடுத்த விதை பிழைத்தது. 2020 இல் உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபோதும், வீட்டில் விதை இருந்தவரே உடனே விதைத்தார்.

ஆனால் கொடுப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். மஞ்சள் விழுந்த செடியில் விதை எடுக்காதீர்கள். இரு இரகத்தை ஒரே களத்தில் அடித்துக் கலக்காதீர்கள். பல்லில் வைத்தால் ‘டக்’ என உடையும் வரை காயவிடுங்கள். சில போகங்களுக்கு ஒருமுறை விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுப் புது விதை எடுங்கள். கொடுக்கும்போது இரகத்தின் பெயரையும் அது முற்றும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதையை மட்டும் வாங்கிப்போகிறவர் ஒரு போகம் விளைவிப்பார். விபரத்தோடு வாங்கிப்போகிறவர்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்.