மல்லிக் பஜாரில் ஒரு பீச்சல் பெட்ரோல்

கொல்கத்தாவின் பார்க் தெருவில் 1767-இல் திறந்த ஐரோப்பியர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைத் தாண்டினால் வரும் மல்லிக் பஜார், கார்களின் கல்லறை. ஒரே வித்தியாசம், இங்கே மறுபிறவி உண்டு. கழற்றிய கதவுகளும் கியர் பாக்ஸ்களும் நடைபாதை வரை குவிந்து கிடக்கின்றன.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-க்கு ஒரு வியாதி வருவதுண்டு. நிற்கும்போது இன்ஜின் சமர்த்தாக ஓடும். சிக்னல் பச்சையானதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பொசுக்கென்று அணைந்துவிடும். பின்னால் மினிபஸ் வந்தால் ஆபத்து. அவசரக்கார மெக்கானிக்குகள் பிளக், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றிப் பர்ஸைக் காலி செய்வார்கள்.

விஷயம் தெரிந்தவர் பீடியை அணைத்துவிட்டு, இன்ஜினையும் நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றுகிறார். கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைச் சுண்டுகிறார். பெட்ரோல் மெல்லிய பீச்சலாக விழ வேண்டும். திடீரென மிதிக்கும்போது காற்று முந்திக்கொள்ளும். அந்த நொடிக்கான கூடுதல் பெட்ரோலைத் தருவது ஆக்ஸிலரேட்டர் பம்ப். பீச்சல் இல்லையென்றால் அதன் டயஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது துவாரம் அடைத்திருக்கும். பீச்சல் நன்றாக இருந்தால்தான் வேக்குவம் குழாயில் வெடிப்பா, டிஸ்ட்ரிபியூட்டரில் கோளாறா என்று தேட வேண்டும்.

டயஃப்ரம் என்பது காசளவு ரப்பர். மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டதால், அது தனியாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். கடைக்காரர் முழு கார்புரேட்டரையே தலையில் கட்டப் பார்ப்பார். கெட்டிக்காரர்கள் கடை வாசலிலேயே அதன் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, சுண்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார்கள்.