வயிறும் நினைவும்

பசி இருவகை. ஒன்று, உடல் தன் தேவையை உரைப்பது. மற்றொன்று, மனம் உடலின் குரலைக் கடன் வாங்கிப் பேசுவது. முன்னதை இராமலிங்க வள்ளலார் பெரும்பிணியாகவே கண்டார். நம் கடலூர் மாவட்டத்து வடலூரில் 1867-இல் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அப்பசிக்குச் சோறே மருந்து. பின்னதற்கோ எத்தனை அடுப்பு மூட்டினும் போதாது. அரபு மொழியில் முன்னதை 'ஜூஃ' என்றும், பின்னதை 'ஷஹ்வத்' என்றும் பிரித்துரைப்பர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் வயிற்றின் இச்சையையும் காமத்தையும் அடக்குவது பற்றித் தனியொரு பாகமே வகுத்துள்ளார்.

இவ்விரண்டையும் பிரித்தறிய நோன்பு நமக்கு நல்லாசான். ரமளானின் முதல் நாட்களில் பகல் ஒரு மணிக்கு வயிறு கூவுவதை நாம் அறிவோம். மூன்று மணியாகையில், ஒரு பருக்கையும் உண்ணாமலே அக்கூவல் தணிகின்றது. வயிறு நிரம்பித் தணிந்ததன்று. வழக்கமான வேளை கடந்ததால் தணிந்தது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு, பழகிய வேளையை எதிர்நோக்கி ஏறுவதையும், உணவு கிட்டாவிடினும் பின் இறங்குவதையும் மருத்துவ அறிஞர் அளந்து காட்டியுள்ளனர்.

ஆயினும் பசியில் மனத்தின் பங்கு எத்துணைப் பெரிது என்பதை நாம் உணர்ந்தது நூலிலன்று, சிதம்பரத்தில் நம் தாய்மாமன் இல்லத்தில். எண்பதை நெருங்கிய அவரை மறதிநோய் பற்றியிருந்தது. சர்க்கரை நோயும் உடனிருந்தது. கடலூரிலிருந்து வாரந்தோறும் சென்று அவரைக் கண்டுவருவோம். பகலுணவு உண்டு கைகழுவிய ஈரம் உலருமுன், "தம்பி, இந்த வீட்டுல எனக்குச் சோறு போட ஆளில்லை. மாமிகிட்ட கேளு" என்பார். தெருவில் செல்வோரிடமும் அதையே சொல்வார். மாமி கண்கலங்கி நிற்பார். மீண்டும் சோறு வைத்தால் நோய் முற்றும். வையாவிடில் ஊர் பழிக்கும்.

மாமி கண்ட வழி எளியது. உண்ட தட்டைக் கழுவாது அவரெதிரிலேயே வைத்துவிடுவார். "இது யார் சாப்பிட்ட தட்டு?" என்பார் மாமன். "நீங்கதான். மீன்முள்ளைப் பாருங்க" என்பார் மாமி. முள்ளை உற்றுநோக்கி, "அல்ஹம்து லில்லாஹ்" என்று அமைதியுறுவார் மாமன். எல்லா நாளும் அது பலித்ததில்லை. பலித்த நாட்களிலோ, அவர் வயிற்றில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. உண்டோம் என்னும் எண்ணமே சேர்ந்தது.

பின்னாளில் ஓர் ஆய்வுச் செய்தி நம் கண்ணிற்பட்டது. அமெரிக்க உளநூற் பேராசிரியர் பால் ரோசினும் அவர்தம் கூட்டாளரும் 1998-இல் வெளியிட்டது. நினைவை இழந்த இருவருக்கு, ஒருவேளை உணவு முடிந்து 10 முதல் 30 நிமிடங்களில் மீண்டும் முழு உணவு வைத்தனர். இருவரும் உண்டனர். மூன்றாம் உணவு வைத்தபோதும் பெரும்பாலும் உண்ணத் தொடங்கினர். வயிற்றின் நிறைவை உடல் உணர்த்தாமலில்லை. ஆயினும் 'போதும்' என்னும் தீர்ப்பில் நினைவுக்கும் ஒரு வாக்கு உண்டு.

நினைவு நலமாயிருப்போர் நாம். ஆனால் கவனம் பதியாத இடத்தில் நினைவு ஏது? தொலைக்காட்சி பார்த்தவாறு பகலுணவு உண்ட இளம்பெண்கள், பாராது உண்டோரைவிடப் பிற்பகலில் மிகுதியாகச் சிற்றுண்டி தின்றதைப் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சுசான் ஹிக்ஸ் 2009-இல் எடுத்துக்காட்டினார். இன்றோ தொலைக்காட்சி கைக்குள் அடங்கிவிட்டது. இடக்கையில் கைப்பேசி, வலக்கையில் கவளம். மறதிநோயாளர்க்கு விதி செய்ததை நாமே விரும்பி நமக்குச் செய்துகொள்கின்றோம்.

நம் முன்னோர் உணவுக்கு முன்னும் பின்னும் இரு வாயில்கள் அமைத்தனர். 'பிஸ்மில்லாஹ்' என்று புகுந்து 'அல்ஹம்து லில்லாஹ்' என்று வெளியேறுவது நன்றியறிதல் மட்டுமன்று. 'உண்ணத் தொடங்கினேன், உண்டு முடித்தேன்' என மனம் தானே குறித்துக்கொள்ளும் கணக்குமாகும். வயிற்றில் மூன்றிலொன்றை உணவுக்கும், ஒன்றை நீருக்கும், ஒன்றை மூச்சுக்கும் பகுக்கும் நபிமொழியை அறியாதார் நம்மில் யார்? கவனமின்றி உண்பவன் அப்பங்கை எங்ஙனம் அளப்பான்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்குச் சர்க்கரை நோய் உண்டென 2023-இல் கணித்தது. அதற்குக் காரணங்கள் பல. யாவும் நம் கையில் இல்லை. கைப்பேசியை மறு அறையில் வைத்துவிட்டு உணவின்முன் அமர்வது நம் கையில் உள்ளது. இன்றிரவே தொடங்கலாம்.