மாஞ்சோலைக்கு எதுக்குப் போறீங்க?

மாஞ்சோலை போகலாம் என்றதும், ஸ்வெட்டர் எடுக்கணுமா, அருவியில் குளிக்க விடுவானா என்றுதான் நண்பர்கள் கேட்டார்கள். நல்ல குளிர், நல்ல பச்சை, யார் இல்லையென்றது? அந்தப் பச்சையை நட்ட கை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை வைக்கப் போனவர்களில் பெரும்பகுதி நெல்லைச் சீமைச் சேரி சனம். கீழே பண்ணையார் வயலில் குனிந்த முதுகு, மேலே கொழுந்துக்கூடை சுமந்தது. மழை, அட்டைக்கடி, லயன் வீடு.

தாய்மாமன் மனைவி, எனக்கு அத்தை, பிறந்தது மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கில். வேலைக்காலம் முடிந்ததும் வீட்டைக் காலிசெய்துவிட்டு இறங்கணும் என்பது தோட்டத்துச் சட்டம். இப்போது அடிவாரத்தில் வாடகை வீடு. பயணத்தைச் சொன்னேன்.

“ஏய்யா, என்னையும் கூட்டிட்டுப் போ. எங்கய்யாவ அங்கதான பொதச்சிருக்கு.”

“செக்போஸ்ட்ல பேர், ஊர், எதுக்குப் போறீங்கன்னு கேப்பாங்க அத்த.”

“பொறந்த ஊருக்குப் போறதுக்கு என்னய்யா காரணம் சொல்ல?”

திருநெல்வேலியில் பஸ் ஏறுவதாகத் திட்டம். ஏறுமுன் ஆற்றங்கரைக்குப் போகணும். 1999 ஜூலை 23ல், கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளரை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் கைக்குழந்தையும் ஒன்று. அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் மலையைப் பார்த்து என்ன பிரயோசனம்?

2024ல் கம்பெனி தோட்டத்தை மூடி, விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கியது. யாருடைய விருப்பம்? அரசே தோட்டத்தை நடத்தட்டும் என்று தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருசம் டிசம்பரில் உயர்நீதிமன்றம் அப்படி உத்தரவிட மறுத்துவிட்டது. புலிகள் காப்பகம், காடு வளரணும் என்கிறார்கள். வளரட்டும். புலிக்கும் நமக்கும் பகையில்லை. 1929ல் காட்டை வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்தவன் கூலிக்காரனா? வெட்டச் சொன்னவன் லாபத்தோடு போனான். காட்டைக் காப்பாற்றும் செலவு மட்டும் கொழுந்து பறித்தவள் தலையில் விழுகிறது.

அத்தைக்கு முட்டுவலி. மழைக்கு முன்னாடியே போகணும். காரணம் கேட்டால், “அப்பன் குழிமேட்டப் பாக்க” என்று அவளே சொல்லட்டும். குத்தகை 2028ல் முடிகிறது. நாலு தலைமுறை உழைத்த சனத்துக்குக் குழிமேடு தவிர ஒரு சென்ட் நிலம் அங்கே சொந்தமில்லை. கீழே அடுக்குமாடி வீடு தருகிறோம் என்கிறார்கள். வீடு சரி, நிலம் எங்கே?