லத்தி தராத படிப்பு

அன்புள்ள பேராசிரியர் அம்மாவுக்கு,

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலைக்கு எனக்கு இடம் கிடைத்ததும் ஊரில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "படிச்சு முடிச்சா எஸ்.ஐ. ஆயிரலாம்லா?" வகுப்பில் பாதிப் பேர் அந்த நினைப்பில்தான் வந்திருந்தோம். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியலே கிடையாது, ரத்தக் கறையை ஆராய்வது தடய அறிவியல், அது வேறு துறை என்று முதல் வாரமே போட்டு உடைத்தீர்கள். ஆசை காட்டி ஆள் பிடிக்காத அந்த நேர்மைக்கு முதல் நன்றி.

லொம்புரோசோ பாடத்துக்கு இன்னொரு நன்றி. தாடையையும் காதையும் அளந்தால் பிறவிக் குற்றவாளியை அடையாளம் கண்டுவிடலாம் என்று 1876-இல் புத்தகம் போட்ட இத்தாலிய மருத்துவர். நாங்கள் சிரித்தோம். அதற்கு ஐந்து வருடம் முன்பே, எதையும் அளக்காமல், இன்ன கூட்டத்தில் பிறந்தாலே குற்றவாளி என்று வெள்ளைக்காரன் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்ததைச் சொன்னீர்கள். 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். ஜனங்கள் வாயில் அது ரேகைச் சட்டம். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் பலரைச் சுட்டுக் கொன்றது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, தன் பூட்டனும் ரேகை வைத்தவர்தான் என்றான். அதன் பிறகு வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. "அந்த ஏரியா பசங்களே அப்படித்தான் சார்" என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையனின் முகம்தான் வருகிறது.

இப்போது நான் நன்னடத்தை அலுவலர். திருட்டு வழக்கில் சிக்கிய சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்திய 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை போயாக வேண்டும். படிவம் 6. குடும்பம், வருமானம், பழக்கம், கூட்டாளிகள் எனப் பக்கம் பக்கமாகக் கேள்வி. பள்ளியை விட்ட காரணம் என்ற இடத்தில் 'ஆர்வமின்மை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். அப்படி எழுதப்பட்டவை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பையனும் சூளையில் செங்கல் சுமந்த கதை, ஆச்சியிடம் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் வெளியே வரும். "நோட்டை மூடிட்டுப் பேசுப்பா" என்பீர்களே, அதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

திருட்டுக் கொடுத்தவரையும், அடிபட்டவரையும் மறக்கவிடவில்லை நீங்கள். பாதிக்கப்பட்டோரியல் என்ற தனிப் பாடத்தை இந்தியாவில் வளர்த்த சொக்கலிங்கம் ஐயா நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராக இருந்தவர் என்பதில் எங்களுக்கு ஒரு கர்வம். இழப்பீட்டுக்கு வழிசெய்த 357ஏ பிரிவு, 2024 வரை நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008 திருத்தத்தில்தான் நுழைந்தது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுப் போடலாம் என்பது வழக்கறிஞர்களிலேயே பலருக்குத் தெரியாது. உங்கள் மாணவர்களுக்குத் தெரியும்.

உடன் படித்தவர்களில் ஒருத்தி பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இருக்கிறாள். ஒருவன் சிறையில் நல அலுவலர். இன்னொருவன் வங்கி மோசடிப் பிரிவுக்குப் போய் எங்கள் எல்லாரையும்விட அதிகம் சம்பாதிக்கிறான். நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆனவர்களும் உண்டு. சும்மா இருப்பவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்களுக்கு மட்டும் எழுத வேண்டியதை ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சேவை மையங்களிலும் இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் தொகுப்பூதியத்தில், அடுத்த வருடம் ஒப்பந்தம் நீளுமா என்று தெரியாமல் இருக்கிறார்கள். பழகிய முகம் மாறினால் பேச ஆரம்பித்த பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. அரசு இந்த இடங்களை நிரந்தரமாக்கி, குற்றவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்.


உங்கள் மாணவன்