காத்திருக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்

பிரிஞ்சாங் மலைத்தோட்டத்தில் வாழும் நமக்குக் காத்திருப்பது புதிதன்று. தேயிலைக் கன்றை நட்டால் கொழுந்தெடுக்க மூன்று ஆண்டுகள் போல ஆகும். கவ்வாத்து வெட்டிய செடி மொட்டையாக நிற்பதைக் கண்டு, பட்டுப்போயிற்று என்று யாரும் பிடுங்கி எறிவதில்லை. செடிக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுகிறோமா?

திருநங்கைப் பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்கிறேன். பிறப்புப் பத்திரத்தில் ஆண் என்று இருந்தாலும், உள்ளத்தால் பெண்ணாக வாழ்பவர்கள் அவர்கள். உடலை உள்ளத்துக்கு ஏற்ப மாற்ற மருத்துவம் உண்டு. ஆனால் அதற்கான காத்திருப்பு மிக நீண்டது.

ஒரு காலத்தில் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே இந்த அறுவை சிகிச்சை நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் தேசிய ஃபத்வா மன்றம் முஸ்லிம்களுக்கு அது கூடாதென்று அறிவித்த பிறகு, அங்கே அது நின்றுபோயிற்று. அதன்பின் வசதியுள்ளவர்கள் தாய்லாந்துக்குச் செல்கிறார்கள். வசதியற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15 அன்று திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவை சிகிச்சைக்கும் வழி பிறந்தது. அதற்கு முன், மயக்க மருந்துகூட இல்லாமல் மறைவிடத்தில் அறுத்துக்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் நோயாளி 18 வாரத்துக்குள் சிகிச்சை பெற வேண்டும் என்பது விதி. ஆனால் இந்தப் பிரிவில் முதன்முறை மருத்துவரைப் பார்ப்பதற்கே பல ஆண்டுகள் ஆகின்றன.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி கோலாலம்பூரில் தையற்கடையில் வேலை செய்கிறாள். நான்கு ஆண்டுகளாகச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்கிறாள். "டீச்சர், பணம் எப்படியும் சேர்ந்துடும். அம்மா போன் எடுக்காத நாள்தான் போக மாட்டேங்குது" என்றாள்.

அவள் தாயாரைப் போய்ப் பார்த்தேன். "எல்லாம் முடிஞ்சு முழுசா ஆன பிறகு வரட்டும், டீச்சர். இப்ப வந்தா லயத்துல என்ன பேசுவாங்க?" என்றார்.

"அதுவரைக்கும் காய்ச்சல்னு படுத்தா யாரும்மா கஞ்சி வச்சுக் கொடுப்பா?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. நான் புறப்படும்போது ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாயை என் கையில் வைத்தார். மகனுக்கு என்றும் சொல்லவில்லை, மகளுக்கு என்றும் சொல்லவில்லை. "பிள்ளைக்குக் கொடுத்துடுங்க" என்றார். தொடக்கத்துக்கு அது போதும்.

பெற்றோர்களே, இதில் உயிர் அடங்கியிருக்கிறது. தனியே காத்திருக்கும் பிள்ளை குறுக்கு வழி தேடும். மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி அளவுக்கு மீறி விழுங்குவோர் உண்டு. அதனால் இரத்தம் கட்டி, அது நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். புகை பிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஹார்மோன் மருந்து மெதுவாகவே வேலை செய்யும். மாற்றம் தெரியத் தொடங்கவே 3 முதல் 6 மாதம் ஆகும். முழுமை பெற 2, 3 ஆண்டுகள் ஆகலாம். இரட்டிப்பாக விழுங்கினால் விரைவில் பலன் வராது, ஆபத்துத்தான் வரும். ஆகவே மருத்துவர் சொன்ன அளவும் இரத்தப் பரிசோதனையும் கட்டாயம் வேண்டும்.

மருத்துவமனை வரிசையைக் குறைப்பது நம் கையில் இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்பது நம் கையில்தான் இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்குப் போகலாம். அவள் விரும்பும் பெயரால் கூப்பிடலாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வரச் சொல்லலாம். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

சிகிச்சை முடிந்த பிறகுதான் பிள்ளை என்பதில்லை. இன்றைக்கும் அது நம் பிள்ளைதான்.