பாஹின் பணிப்பதிவேடு

லைப்சிக் நகரத்தில் நல்ல காற்று வீசினால் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கு நஷ்டம். அவரே சொன்னதுதான் இது. 1730 அக்டோபரில், பள்ளிக்காலத்து நண்பர் எர்ட்மனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எர்ட்மன் அப்போது டான்சிக் நகரில் ரஷ்ய அரசின் பிரதிநிதி. உங்கள் ஊரில் எனக்கு ஏற்ற உத்தியோகம் ஏதாவது இருந்தால் சிபாரிசு செய்யுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆண்டு வரும்படி 700 தாலர் வருகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி கல்யாணம், சாவு என்று வரும் கிம்பளம். சாவு கூடினால் வரும்படி கூடும். ஊரில் ஆரோக்கியமான காற்று அடித்துவிட்டால் குறைந்துவிடும். போன வருஷம் சாவு குறைந்துபோனதில் 100 தாலருக்கு மேல் துண்டு விழுந்தது. தூரிங்கியாவில் 400 தாலரில் ஓட்டிய குடும்பத்தை இங்கே அதைப்போல் இரண்டு மடங்கிலும் ஓட்ட முடியவில்லை, விலைவாசி அப்படி.

இதை எழுதுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் அவர் மத்தேயு பாடுகள் இசையை அரங்கேற்றியிருந்தார்.

நம்மில் பலருக்கு பாஹ் அறிமுகமானது இளையராஜா வழியாக. 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பித்தார். அதில் ஒரு துண்டுக்கு பாஹைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே பெயர். அப்படி அறிமுகமானவரைப் பீடத்தில் உட்கார்த்தி வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வாழ்க்கையைப் படிக்கப்போனபோது கையில் கிடைத்ததெல்லாம் சம்பள ரசீது, விளக்கம் கேட்டு அனுப்பிய குறிப்பு, விடுப்பு விவகாரம், மேலதிகாரி மீது புகார் மனு. மனம்விட்டு எழுதிய கடிதம் என்று சொன்னால் எர்ட்மனுக்கு எழுதியதையும் இன்னும் சிலவற்றையும்தான் சொல்ல வேண்டும். மற்றபடி, நிர்வாகம் எழுதிவைத்ததால் மட்டுமே நமக்குத் தெரியவந்த மனிதர் அவர். பல காலம் ஓர் அலுவலகத்தில் ஊழியர்களின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால், இந்தத் தாள்களின் வாசனை எனக்குப் புதிதில்லை.

முதல் கோப்பு ஆர்ன்ஷ்டாட். 1703-இல் அந்தச் சிறு நகரத்தின் புதிய தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கச் சேர்ந்தார். வயது 18. பத்து வயதுக்குள் தாயையும் தகப்பனாரையும் இழந்து, அண்ணன் வீட்டில் வளர்ந்த பையன். மாணவர்களைக் கொண்டு சேர்ந்திசையும் நடத்த வேண்டும் என்று மேலிடம் எதிர்பார்த்தது. அந்த மாணவர்களில் சிலர் இவரைவிட மூத்தவர்கள். அவர்களில் கையர்ஸ்பாஹ் என்பவன் பசூன் வாசிப்பவன். அவன் வாசிப்பைக் கேவலப்படுத்தி இவர் ஏதோ சொல்லிவிட்டார். 1705 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு, இவர் சந்தை மைதானம் வழியாக வரும்போது கையர்ஸ்பாஹ் கையில் தடியோடு வழிமறித்தான். மன்னிப்புக் கேள் என்றான், அடிக்கவும் அடித்தான். இவர் இடுப்பிலிருந்த வாளை உருவினார். உடனிருந்தவர்கள் இருவரையும் விலக்கிவிட்டார்கள். பாஹ் மேலிடத்தில் புகார் கொடுத்தார், விசாரணை நடந்தது. புகார் கொடுத்தவரையே, நீ எதற்கு அவனை அப்படிச் சொன்னாய், மாணவர்களோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டு முடித்தார்கள். விசாரணை என்றால் எங்கும் இப்படித்தான் போலிருக்கிறது.

அடுத்தது விடுப்பு. அதே ஆண்டு அக்டோபரில் நான்கு வார விடுப்பு வாங்கிக்கொண்டு லூபெக் நகரத்துக்குக் கிளம்பினார். அங்கே புக்ஸ்டெஹூட என்ற முதியவரின் ஆர்கன் வாசிப்பு பிரசித்தம். தூரம் 400 கிலோமீட்டருக்கு மேல். நடந்தே போனதாகச் சொல்வார்கள். நான்கு வாரம் ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. 1706 பிப்ரவரியில் திரும்பியவரை உட்கார வைத்துக் கேட்டார்கள்: எங்கே போயிருந்தாய்? தன் கலையில் சிலவற்றைத் தெரிந்துகொள்ளப் போனதாகப் பதில். நாலு வாரம் கேட்டுவிட்டு அதைப்போல் நான்கு மடங்கு இருந்துவிட்டாயே? பதிலாள் வைத்துவிட்டுத்தானே போனேன், அவர் குறை வைக்கமாட்டார் என்று நம்பினேன் என்று பதில். இத்தோடு விட்டார்களா? கீதங்களுக்கு வாசிக்கும்போது அன்னிய சுரங்களை எல்லாம் கலப்பதால் சபையார் பாட முடியாமல் குழம்புகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு. ரொம்ப நீட்டுகிறாய் என்று சொன்னதற்குப் பிறகு ரொம்பச் சுருக்கிவிட்டாய் என்று இன்னொன்று. சில மாதம் கழித்து, ஆர்கன் மாடத்தில் யாரோ ஒரு பெண்ணை ஏற்றிப் பாட வைத்தாயாமே என்று மூன்றாவது.

மேதையை அற்பர்கள் வதைத்தார்கள் என்று இதைச் சுலபமாக எழுதிவிடலாம், எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அந்த மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மீதும் கொஞ்சம் பரிதாபம் உண்டு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு நடந்தாக வேண்டும். அந்தக் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. லூபெக்கில் கேட்டதை விரல்களில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான் என்பதை ஒரு விசாரணைக் குறிப்பில் எந்தப் பத்தியில் எழுதுவது?

வைமார் கோப்பு இன்னும் கடுமை. 1708-இலிருந்து அந்த அரசவையில் ஆர்கன் கலைஞர், பிறகு வாத்தியக் குழுத் தலைவர். இசை இயக்குநர் பதவி காலியானபோது இவருக்கு வரவில்லை. இறந்தவரின் மகனுக்குப் போனது. கோதென் இளவரசர் லியோபோல்ட் 400 தாலருக்கு அழைத்தார். விடுவிக்கச் சொல்லி இவர் பிடிவாதம் பிடிக்க, வைமார் கோமகன் 1717 நவம்பர் 6 அன்று காவலில் வைத்தார். டிசம்பர் 2 அன்று அவப்பெயரோடு வேலையிலிருந்து நீக்கி விடுதலை. ராஜினாமா கொடுத்ததற்குச் சிறை என்றால் இன்று நம்பமாட்டோம். ஆனால் அந்தக் காலத்து அரசவையில் இசைக்காரர் சமையல்காரரைப் போல, குதிரைக்காரரைப் போல வீட்டுச் சிப்பந்திதான். எஜமான் விட்டால்தான் போகலாம்.

கோதெனில் நல்ல எஜமான், நல்ல வாத்தியக்காரர்கள். 1720-இல் இளவரசரோடு கார்ல்ஸ்பாட் போய்த் திரும்பியபோது மனைவி மரியா பார்பரா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு பாடகி அன்னா மக்தலேனாவை மணந்தார். இளவரசரும் மணந்தார்; அவர் மனைவிக்கு இசை பிடிக்கவில்லை என்பது பாஹின் குறை.

லைப்சிக்கில் கூநாவ் இறந்து தாமஸ் பள்ளியின் இசையாசிரியர் பதவி காலியாயிற்று. நகரசபை முதலில் விரும்பியது டெலிமனை. அந்தக் கெட்டிக்காரர் லைப்சிக் அழைப்பைக் காட்டியே ஹாம்பர்க்கில் சம்பளத்தை உயர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். அடுத்தவர் கிராவ்ப்னர், அவரை டார்ம்ஷ்டாட் எஜமான் விடவில்லை, சம்பளத்தைக் கூட்டி நிறுத்திக்கொண்டார். மிச்சமிருந்தவர் பாஹ். மிகச் சிறந்தவர் கிடைக்காதபோது நடுத்தரமானவரைத்தான் எடுக்க வேண்டும் என்ற பேச்சு சபைக் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1723 மே மாதம் குடும்பம் இரண்டு வண்டிகளிலும் சாமான்கள் நான்கு வண்டிகளிலும் வந்து இறங்கின.

வேலை என்ன தெரியுமா? பையன்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, லத்தீன் எடுப்பது (கைக்காசு கொடுத்து வேறோர் ஆசிரியரிடம் தள்ளிவிட்டார்), சாவு ஊர்வலத்தில் பாட வைப்பது, தாமஸ், நிக்கோலஸ் என்ற இரண்டு பெரிய தேவாலயங்களிலும் மாறி மாறி ஞாயிறுதோறும் கந்தாத்தா என்ற வழிபாட்டு இசை ஒன்று கொடுப்பது. வழிபாடு காலை 7 மணிக்குத் தொடங்கி நாலு மணி நேரம் போல் நீளும். அதில் பிரசங்கத்துக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து நிமிஷ இசை இவருடையது. தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களிலும்தான் ஓய்வு. பண்டிகைகளையும் சேர்த்தால் ஆண்டுக்கு அறுபதுக்குப் பக்கத்தில் தேவைப்படும். பழையதை எடுத்துப் பாடியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் அவர் வாராவாரம் ஏறக்குறைய புதிதாகவே எழுதினார். இன்று நம் கையில் இருப்பவை இருநூறு சொச்சம்.

கைப்பிரதிகளில் அந்த அவசரம் அப்படியே தெரிகிறது. ஐந்து முனை கொண்ட பேனாவால் ஒரே இழுப்பில் ஐந்து கோடும் போட்டுத் தாள் தயாராகும். தாள் விலை அதிகம் என்பதால் ஓரம்வரை எழுதுவார். ஒரு பக்கம் முடிந்து மை காயாத நிலையில் திருப்பினால் ஈஷிக்கொள்ளும். காயும்வரை சும்மா இருக்கவும் முடியாது. அடுத்த பக்கத்தில் வரவேண்டிய இசைவரி மறந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தின் அடியில், கோடுகளுக்குக் கீழே, அடுத்து வரும் சில சுரங்களைக் குட்டியாகக் கிறுக்கி வைத்திருக்கிறார். மேதைமை என்று நாம் சொல்வதை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் அந்தக் கிறுக்கலைத்தான் பார்ப்பேன். ஒரு சொல் அலங்காரம் இல்லை, தெய்வ அருள் என்ற பாவனை இல்லை. மை காய வேண்டும், ஞாயிறு வருகிறது.

அவர் முடிக்க முடிக்கப் பக்கத்தில் மாணவர்கள் உட்கார்ந்து பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாளாகப் படியெடுப்பார்கள். பிள்ளைகளும் எழுதினார்கள், அன்னா மக்தலேனாவும் எழுதினார். அவர் கையெழுத்து கணவரின் கையெழுத்தோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்குப் பிற்காலத்தில் ஒத்துப்போனது.

இந்தக் கந்தாத்தாக்கள் பலவற்றின் முதுகெலும்பு லுத்தரன் சபையார் அறிந்த கீத மெட்டுகள். ஹாலே நகரத்துப் பாதிரிமார் 1706 முதல் தரங்கம்பாடிக்கு வரத் தொடங்கியபோது அதே மெட்டுகளையும் கொண்டுவந்தார்கள்; ஃபப்ரீசியஸ் போன்றவர்கள் ஜெர்மன் கீதங்களைத் தமிழில் பெயர்த்தார்கள். லுத்தரன் கோயிலில் ஞானப்பாட்டு பாடி வளர்ந்த நம்மூர்க்காரருக்கு ஒரு பாஹ் கந்தாத்தாவின் கடைசிப் பகுதி சட்டென்று பிடிபட்டுவிடும். மற்றவர்களுக்கு அந்த அனுகூலம் கிடையாது. நான் மற்றவர்களில் ஒருவன்.

1730-இல் நகரசபைக்கு அவர் ஒரு நீண்ட மனு கொடுத்தார். பள்ளிப் பையன்களில் 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தயாராகவில்லை, 17 பேர் எதற்கும் ஆகமாட்டார்கள் என்று தலையை எண்ணிக் கணக்குக் காட்டியிருக்கிறார். அதே ஆண்டு சபைக் கூட்டத்தில், இசையாசிரியர் ஒன்றுமே செய்வதில்லை, விளக்கம் கேட்டாலும் சொல்வதில்லை என்று பேச்சு. டான்சிக் கடிதம் இதற்குப் பிறகு எழுதியது. வேலை கிடைக்கவில்லை.

1739-இல் பெரிய வெள்ளிக்கான பாடுகள் இசைக்கு அனுமதி பெறவில்லை என்று சபையிலிருந்து ஒரு குமாஸ்தா வந்து நிறுத்தச் சொன்னார். பாஹ் சொன்ன பதிலை அவர் எழுதிவைத்திருக்கிறார்: எப்போதும் செய்வதுதானே, நடக்காவிட்டால் எனக்கென்ன, இதனால் எனக்கு ஒரு பைசா வரும்படி இல்லை, சுமைதான். இதைப் படித்து முதலில் அதிர்ந்தேன். இப்போது அந்தப் பதில் எனக்கு நிம்மதி தருகிறது. சலித்துக்கொண்டே செய்கிற வேலையும் அந்த உயரத்துக்குப் போக முடியும்.

அதே காலத்து மற்ற இசைக்காரர்களும் சுகப்பட்டுவிடவில்லை. வெனிஸில் விவால்டியை ஆதரவற்ற பெண் குழந்தைகளின் விடுதியான பியெத்தாவில் வைத்துக்கொள்வதா என்று நிர்வாகிகள் ஓட்டுப் போடுவார்கள். 1709-இல் ஓட்டில் தோற்று வெளியேறினார், இரண்டு ஆண்டில் திரும்ப அழைத்தார்கள். கடைசியில் 1741-இல் வியன்னாவில் ஏழையாகச் செத்தார். ஹேண்டல் ஒருவர்தான் எஜமானை நம்பாமல் லண்டனில் டிக்கெட் விற்றுப் பிழைத்தவர். ஆபரா படுத்தபோது நஷ்டப்பட்டு, ஆங்கில ஒரட்டோரியோவுக்கு மாறி, ‘மெசையா’வை 1741-இல் 24 நாளில் எழுதி, கிட்டத்தட்ட 20,000 பவுண்டு விட்டுவிட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். பாஹும் அவரும் ஒரே ஆண்டு, ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். கடைசிவரை சந்திக்கவில்லை. ஆனால் இருவர் கண்களையும் அறுத்தவர் ஒரே ஆள்: ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்த ஜான் டெய்லர். இருவருக்கும் பார்வை திரும்பவில்லை.

அறுவைக்கு முன்பே, 1749 ஜூனில், லைப்சிக் சபை இன்னொன்று செய்தது. பாஹ் இறந்துபோனால் என்று, அவர் உயிரோடு இருக்கும்போதே, ஹாரர் என்பவரை ஒரு விடுதிக் கூடத்தில் வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். 1750 ஜூலை 28 அன்று பாஹ் இறந்தார். பள்ளிக்கு வேண்டியது பாட்டு வாத்தியார், இசை இயக்குநர் அல்ல என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஹாரருக்கு வேலை கிடைத்தது.

வழக்கப்படி விதவைக்கு அரை ஆண்டு சலுகை. கந்தாத்தாக்கள் சிலவற்றின் தனித்தாள்களை அன்னா மக்தலேனா பள்ளிக்குக் கொடுத்தார். மறுமணம் செய்வதில்லை என்று எழுதிக்கொடுத்து, சின்னப் பிள்ளைகளுக்குக் காப்பாளராக இருந்தார். மூத்தாள் மகன் எமானுவேல் பெர்லினில் பிரஷ்ய மன்னரிடம் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். அன்னா மக்தலேனாவோ 1760 பிப்ரவரியில் இறந்தபோது நகரப் பதிவேட்டில் தருமப் பணத்தில் வாழ்ந்தவர். கடைக்குட்டி ரெகினா சூசன்னா, அப்பா போகும்போது எட்டு வயதுக்காரி, கல்யாணம் இல்லாமல் லைப்சிக்கிலேயே இருந்தாள். 1800-இல் அங்கே வெளிவந்த ஓர் இசை ஏட்டில் அவளுக்கு உதவி கேட்டு வேண்டுகோள் போட்டார்கள். வியன்னாவிலிருந்து பணம் வந்தது. அதில் ஆர்வம் காட்டியவர்களில் பேத்தோவன் ஒருவர். அவளுக்கு அப்போது வயது 58.